செமினார் உதவி: 'அன்னா ஓ'ன்னு படிச்சோமே, அந்தம்மா யாருன்னு யாருக்காவது முழுசா தெரியுமா?

மலைக்கோட்டை_மாலா:
எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி மேல்படிப்பு) ரெண்டாவது வருஷம். அடுத்த வியாழன் எனக்கு செமினார், தலைப்பு 'அன்னா ஓ கேஸ்'. எங்க நோட்ஸ்ல ஒன்றரைப் பக்கம்தான் இருக்கு. வியன்னாவுல ஒரு பொண்ணு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம ராத்திரி பகலா பாத்துக்கிட்டு இருந்தப்ப அவளுக்கே கை விளங்காம போச்சு, பேச்சு குழறுச்சு, பாம்பு தெரியுதுன்னு சொன்னா, ப்ராய்யர்ங்கிற டாக்டர் தினமும் உக்காந்து அவளைப் பேசவிட்டாரு, பேசப்பேச சரியாச்சு, அதுல இருந்துதான் ஃப்ராய்டு மனப்பகுப்பாய்வுக்கே (பேசவெச்சு மனசை ஆராயற வைத்தியம்) வந்தாரு. அவ்ளோதான், அடுத்த பாடம்.

நான் சும்மா நேத்து ராத்திரி அவங்க நிஜப் பேரு என்னன்னு தேடப்போய் ரெண்டு மணி வரைக்கும் தூங்கல. பெர்த்தா பாப்பென்ஹைம். எழுத்தாளர், நாடகம் எழுதியிருக்காங்க, ஜெர்மனியில யூதப் பெண்கள் சங்கத்தையே ஆரம்பிச்சு இருபது வருஷம் தலைவரா இருந்திருக்காங்க. அந்த சங்கத்துல ஒரு கட்டத்துல ஐம்பதாயிரம் பேர் வரைக்கும் இருந்தாங்களாம். இதுல ஒரு வரி கூட எங்க நோட்ஸ்ல இல்ல!! கிளாஸ்ல சொன்னா "பரீட்சைக்கு அன்னா ஓன்னுதான் கேப்பாங்க, அதையே போடு"ங்கறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஸ்லைடுல எந்தப் பேரைப் போடுறது?

ஜன்னலோரம்:
மாலா, நான் கவுன்சிலிங் ஃபீல்டுல பதினெட்டு வருஷமா இருக்கேன், நானும் இதே ஒன்றரைப் பக்கத்தைத்தான் படிச்சேன் 😀 முதல்ல ஒரு சின்ன விஷயம், அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? பெர்த்தா பாப்பென்ஹைமோட முதலெழுத்து பி (B), பி (P). ரெண்டு எழுத்தையும் ஆங்கில அகரவரிசைல ஒரு இடம் பின்னாடி தள்ளினா ஏ, ஓ. அதான் அன்னா ஓ.

அடுத்தது, "பேசப்பேச சரியாச்சு"ன்னு மட்டும் ஸ்லைடுல போட்டுடாதம்மா. ப்ராய்யர் 1880 கடைசியில இருந்து 1882 ஜூன் வரைக்கும் பாத்தாரு. அது முடிஞ்ச அடுத்த மாசமே அந்தப் பொண்ணை சுவிட்சர்லாந்துல க்ராய்ட்ஸ்லிங்கன்ங்கிற ஊர்ல பெல்வ்யூன்னு ஒரு சானடோரியத்துல சேத்தாங்க. வலிக்காகவும் தூக்கத்துக்காகவும் குடுத்த மார்ஃபினும் குளோரலும் பழக்கமாகிப் போயிருந்துச்சு. அப்புறமும் 1887 வரைக்கும் வியன்னா பக்கத்துல இன்னொரு ஆஸ்பத்திரிக்கு விட்டு விட்டு போய்ட்டுதான் இருந்தாங்க. ஆனா 1895ல ப்ராய்யரும் ஃப்ராய்டும் போட்ட புஸ்தகத்துல, அதுக்கப்புறம் நல்லா இருக்காங்கன்னு ஒரு வரியில முடிச்சிட்டாங்க. முழுப் பூசணிக்காய் சோத்துக்குள்ள போன கதைதான். 1970கள்ல எல்லென்பெர்கர், ஹிர்ஷ்முல்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்த சானடோரியத்து பழைய ஃபைலைத் தோண்டி எடுத்த பிறகுதான் இதெல்லாம் வெளிய வந்துச்சு.

சந்தேகசாமி:
ஒரு எதிர்க்கேள்வி. ஃப்ராய்டு புஸ்தகத்துல வரலைன்னா இந்தம்மாவைப் பத்தி இன்னிக்கு மாலாவும் தேடியிருக்க மாட்டாங்க, நாமளும் பேசிட்டு இருக்க மாட்டோம். அந்தக் காலத்துல ஐரோப்பால பணக்கார வீட்டுப் பொம்பளைங்க ஆளுக்கொரு மாதர் சங்கம் வெச்சிருந்தாங்க. தானிய வியாபாரி மக, கூந்தல் இருக்கிற மகராசி அள்ளி முடிஞ்சுக்கிட்டா. இதுல இவ்வளவு பெருசா சொல்ல என்ன இருக்கு? சண்டைக்குச் சொல்லல, நிஜமாவே கேக்கறேன்.

ஃப்ராங்க்ஃபர்ட்_பிரியாணி:
சாமி ப்ரோ, பணக்கார வீடுதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த வீட்டுக்குள்ளயே என்ன நடந்துச்சுன்னு பாருங்க. தம்பி வில்ஹெல்ம் ஹைஸ்கூல் போய், யுனிவர்சிட்டி போய், வக்கீலாகுறான். அக்காவுக்குப் பதினாறு வயசுல படிப்பு முடிஞ்சு போச்சு, வீட்ல உக்காந்து லேஸ் பின்னு, பியானோ வாசி, மாப்பிள்ளை வரும். நாலு பாஷை தெரிஞ்ச பொண்ணு. இதை அவங்க கடைசி வரைக்கும் மறக்கல, யூத வீடுகள்ல பொண்ணுங்களைப் படிக்க வைக்காததைப் பத்தி எழுதிட்டே இருந்தாங்க.

நான் ஒன்பது வருஷமா ஃப்ராங்க்ஃபர்ட்ல இருக்கேன். பக்கத்துல நொய்-இசென்பர்க்னு ஒரு சின்ன டவுன், ட்ரெய்ன்ல ஏறி உக்காந்தா இறங்கிடலாம், அவ்ளோ பக்கம். 1907 நவம்பர்ல அவங்க அங்க ஒரு இல்லம் திறந்தாங்க. கல்யாணம் ஆகாம கர்ப்பமான யூதப் பொண்ணுங்க, அவங்க குழந்தைங்க, விபச்சாரத்துல தள்ளப்படுற நிலைமைல இருந்த பொண்ணுங்க, இவங்களுக்கு. ஊரே வேணாம்னு தள்ளினவங்க. முதல்ல பத்து பேர் மாதிரி இருந்தது, 1928ல 152 பேர் ஆயிடுச்சு, ஒரு வீடு நாலு வீடாச்சு. உள்ள கோஷர் (யூத மத உணவு விதிப்படியான) சமையல், பாஸ்கா பண்டிகைக்குன்னே அடித்தளத்துல தனி சமையலறை, ஆனா குழாய்த் தண்ணி, சென்ட்ரல் ஹீட்டிங் மாதிரி வசதியெல்லாம் பல வருஷம் கிடையாது, பொண்ணுங்க சொகுசுக்குப் பழகிட்டா வெளிய போய் கஷ்டப்படும்னு அவங்க நினைப்பு. தோட்டத்துல மட்டும் ஒரு நீரூற்று வெச்சிருந்தாங்க, துரத்திவிட்ட நாரையைப் பத்தி அவங்களே எழுதின குட்டிக் கதையை வெச்சு ஒரு சிற்பி செஞ்சது.

இப்ப அந்த வீடு நினைவிடம். சாதாரண குடியிருப்புத் தெரு, கூகுள் மேப் இல்லைன்னா தாண்டிப் போயிடுவோம்.

மலைக்கோட்டை_மாலா:
அண்ணா, நேர்லயே பாத்தீங்களா! சூப்பர். எனக்கு ஒண்ணு புரியல, நான் படிச்சதுல 'பெண் கடத்தல்'னு திரும்பத் திரும்ப வருது. யூதப் பொண்ணுங்களை யாரு கடத்துனா? எங்க கொண்டு போனாங்க?

பழையபேப்பர்:
இது கொஞ்சம் பெருசா எழுதணும், பொறுமையா படிங்க.

கலீசியான்னு ஒரு பிரதேசம், அப்ப ஆஸ்திரியா ராஜ்யத்துல இருந்தது, இப்ப பாதி போலந்து பாதி உக்ரைன். லட்சக்கணக்கான யூதர்கள், பரம ஏழைங்க. வரதட்சணை குடுக்க வழியில்லாத வீட்டுக்கு நல்லா டிரஸ் பண்ண ஒரு ஆள் வருவான், தூரத்து ஊர்ல வியாபாரம்னு சொல்லுவான், வரதட்சணையே வேணாம்னு சொல்லுவான். யூத முறைப்படி கல்யாணம் நடக்கறதுக்குப் பெரிய கோயில், சர்க்கார் ரிஜிஸ்டர் எதுவும் வேணாம், ரெண்டு சாட்சி இருந்தா போதும். சட்டப்படி அந்தக் கல்யாணத்துக்கு மதிப்பே கிடையாது. பொண்ணைக் கூட்டிட்டுப் போவான், கப்பல் ஏத்துவான், புவனஸ் அயர்ஸ்லயோ கான்ஸ்டான்டிநோபிள்லயோ (இப்ப இஸ்தான்புல்) போய் இறங்குனா பொண்ணு நிக்கிறது விபச்சார விடுதி வாசல்ல.

இன்னொரு பக்கம் அகூனா பிரச்சனை. புருஷன் பொழைக்க அமெரிக்கா போறான், காணாமப் போயிடறான், செத்தானா இருக்கானா தெரியல. யூத மதச் சட்டத்துல புருஷன் கையால 'கெட்'டுங்கற விவாகரத்துப் பத்திரம் வாங்காம அவ மறுகல்யாணம் பண்ண முடியாது. ஆயுசுக்கும் கட்டிப்போட்ட மாதிரி. சோத்துக்கு என்ன பண்ணுவா? இந்த ரெண்டுல எதுல சிக்கினாலும் கடைசியில ஏஜென்ட் கைலதான் போய் விழணும்.

பெர்த்தா 1903ல கலீசியாவுக்கு நேர்ல போனாங்க. ஆபீஸ்ல உக்காந்து அறிக்கை எழுதல. ஊர் ஊரா, வீடு வீடா, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு பாத்துட்டு வந்து 1904ல இன்னொரு பெண்ணோட சேந்து அறிக்கையைப் புஸ்தகமா போட்டாங்க. அதே 1904லதான் பெர்லின்ல சர்வதேச பெண்கள் மாநாடு நடந்தப்ப யூதப் பெண்கள் சங்கம் ஆரம்பிச்சது. 1911, 12ல பால்கன், சலோனிகா, கான்ஸ்டான்டிநோபிள், ஜெருசலேம், அலெக்ஸாண்ட்ரியான்னு சுத்தி, விபச்சார விடுதிக்குள்ளயே போய் பொண்ணுங்ககிட்ட பேசியிருக்காங்க. அம்பது வயசு தாண்டின ஒரு ஆசாரமான யூதப் பொம்பளை! அந்தப் பயணத்துல தோழிகளுக்கு எழுதின கடிதங்களைத்தான் 1924ல புஸ்தகமாக்கி 'சிசிஃபஸ் வேலை'ன்னு பேர் வெச்சாங்க. மலைமேல கல்லை உருட்டிட்டே இருப்பான், அது திரும்ப உருண்டு கீழ வந்துட்டே இருக்கும், அந்த கிரேக்கக் கதை.

சந்தேகசாமி:
சரி, இப்ப மேட்டருக்கு வரேன். 1900கள்ல ஐரோப்பா பூரா யூத வெறுப்புப் பத்திரிகைங்க. "யூதன்தான் பொண்ணுங்களைக் கடத்தறான்"னு அவனுங்க ஏற்கனவே எழுதிட்டு இருக்கான். அப்ப ஒரு யூதப் பொம்பளையே எழுந்து நின்னு ஆமா எங்க ஆளுங்கள்ல கடத்தல்காரன் இருக்கான்னு புள்ளிவிவரத்தோட சொன்னா எதிரி கைல கத்தி குடுத்த மாதிரி ஆகாதா? பின்னாடி நாஜிங்க என்ன பண்ணாங்கன்னு நமக்குத் தெரியும்.

ஜன்னலோரம்:
சாமி, இதே கேள்வியை அவங்க சமூகத்துப் பெரியவங்களே அவங்க முகத்துக்கு நேரா கேட்டாங்க. வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு வராதேன்னு. நம்ம ஊர்லயும் நான் தினம் கேக்கற வசனம்தான் இது, என் ரூம்ல வந்து உக்கார்ற பத்துப் பொண்ணுங்கள்ல எட்டுப் பேர்கிட்ட வீட்ல இதைத்தான் சொல்லி அனுப்பியிருக்காங்க. பெர்த்தாவோட பதில் நேரடியா இருந்துச்சு: தப்பு நடக்கறது தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருக்கறவனும் அந்தத் தப்புல கூட்டாளி. விற்கறவனும் யூதன், விக்கப்படறவளும் யூதப் பொண்ணு. அவ பக்கம் யாரு பேசறது? மானம் மானம்னு சொல்றவங்க யாருமே அந்தப் பொண்ணோட மானத்தைப் பத்தி யோசிக்கல.

சந்தேகசாமி:
இந்தப் பாயிண்டை எடுத்துக்கறேன். யோசிக்கணும்.

ஓட்டைப்பேனா:
கதை எழுதறவன்கிற முறையில ஒண்ணு கேக்கறேன், எழுத்தாளர்னு சொல்றீங்களே, எழுத்து எப்படி? நல்லா இருக்குமா இல்ல சேவை பண்ணவங்கங்கறதால எழுத்தாளர்னு சேத்துக்கறோமா?

பழையபேப்பர்:
நேர்மையா சொல்லணும்னா நாடகம், கதையெல்லாம் கொஞ்சம் பிரச்சார வாடை அடிக்கும். ஆரம்பத்துல சொந்தப் பேர்லயே எழுதல, 'பால் பெர்த்தோல்ட்'னு ஆம்பளை பேரு. 1890ல வந்த கதைத் தொகுப்புல ஒரு காயலான்கடை, அங்க கிடக்கற உடைஞ்ச பழைய சாமான்கள் ஒவ்வொண்ணும் தன் கதையைச் சொல்லும். இதைப் படிச்சப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு, எட்டு வருஷம் ஆஸ்பத்திரியும் வீடுமா கிடந்துட்டு வந்த ஒருத்தி எழுதின தொகுப்பு அது.

1899ல 'பெண்ணுரிமை'ன்னு ஒரு நாடகம். ஒரு வக்கீலோட பொண்டாட்டி, குழந்தையோட சாகக் கிடக்கற ஒரு ஏழைப் பொண்ணுக்கு உதவி பண்ணப் பாக்கறா. கைல காசு இல்ல, தன் சீதனப் பணமே புருஷன் கட்டுப்பாட்டுல இருக்கு, அவன்கிட்ட கேக்கணும். கேக்கப் போனா, அந்தக் குழந்தைக்கு அப்பனே அவன்தான். அவ வீட்டை விட்டுப் போகல, மகளுக்காக இருக்கா. ஆனா இனிமே பொண்டாட்டியா உன் படுக்கைக்கு வரமாட்டேன், இது என் உரிமைன்னு சொல்லிடறா. 1899! இதுல மொழிநடை சுமாரா இருந்தா என்ன இப்ப.

ஆனா என்னைக் கேட்டா அவங்க உண்மையான சாதனை மொழிபெயர்ப்பு. அதே 1899ல மேரி வோல்ஸ்டன்கிராஃப்டோட பெண்ணுரிமை நூலை ஜெர்மனுக்குக் கொண்டு வந்தாங்க. 1910ல க்ளூக்கலோட நினைவுக்குறிப்பு. க்ளூக்கல் 17ஆம் நூற்றாண்டுல ஹாம்பர்க்ல இருந்த வியாபாரி, புருஷன் செத்தப்புறம் தூக்கம் வராம தன் பிள்ளைங்களுக்காக இத்திஷ்ங்கற ஐரோப்பிய யூதர்களோட பாஷைல வாழ்க்கையை எழுத ஆரம்பிச்சாங்க. பெர்த்தாவுக்குத் தூரத்துச் சொந்தம், அந்தம்மா மாதிரியே வேஷம் போட்டு ஓவியம் கூட வரைஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் 1930ல, ஹீப்ரு தெரியாத பொம்பளைங்க தலைமுறை தலைமுறையா வீட்ல படிச்சிட்டு இருந்த இத்திஷ் 'பெண்கள் பைபிளோட' முதல் பாகம். பொம்பளைங்க எழுதினதையும், பொம்பளைங்க படிச்சதையும்தான் தேடித்தேடி எடுத்திருக்காங்க.

ஜன்னலோரம்:
பழையபேப்பர், நீங்க இதைச் சொன்னதும் எனக்கு இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. அந்த கேஸ் குறிப்புல ஒரு இடம் வரும். நோய் முத்தினப்ப அவங்களுக்கு ஜெர்மன் சுத்தமா போயிடுச்சு, தாய்மொழியே வரல, இங்கிலீஷ் மட்டும்தான். ஃப்ரெஞ்சு, இத்தாலி புஸ்தகத்தைக் கைல குடுத்தா நிறுத்தாம சரளமா இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து வாசிப்பாங்களாம். டாக்டர் அதை நோய் அறிகுறின்னு எழுதி வெச்சாரு. 'பேச்சு வைத்தியம்'ங்கற பேரே அவங்க இங்கிலீஷ்ல சொன்னதுதான், கிண்டலா 'புகைபோக்கி சுத்தம் பண்றது'ன்னும் சொல்லுவாங்க. ஆக அந்த வைத்தியத்துக்குப் பேர் வெச்சதும் பேஷன்ட்தான்! மாலா இதை கண்டிப்பா ஸ்லைடுல போடு.

மலைக்கோட்டை_மாலா:
போட்டாச்சு அக்கா 🙏 அவங்களுக்கு மனப்பகுப்பாய்வைப் பத்தி என்ன அபிப்பிராயம்?

ஜன்னலோரம்:
தன் நோயைப் பத்தி வாயே திறக்கல. இல்லத்துப் பொண்ணுங்களுக்கு அந்த வைத்தியம் பண்ணலாமான்னு யாராவது கேட்டா கண்டிப்பா கூடாதுன்னுடுவாங்க. கத்தோலிக்க பாதிரியார் கைல பாவமன்னிப்பு எப்படியோ டாக்டர் கைல அது அப்படி, பிடிக்கறவன் கையைப் பொறுத்து நல்ல கருவியாவும் இருக்கும், ரெண்டு பக்கமும் வெட்டற கத்தியாவும் இருக்கும்னு சொன்னதா அவங்க கூட வேலை பாத்தவங்க பதிவு பண்ணியிருக்காங்க. 1935ல கடைசியா வியன்னா போனப்ப தன் இளவயசு பேப்பரையெல்லாம் அழிச்சுட்டாங்கன்னும் சொல்றாங்க. அவ்வளவு கவனமா மூடி வெச்சதை 1953ல எர்னஸ்ட் ஜோன்ஸ் ஃப்ராய்டோட வாழ்க்கை வரலாறு எழுதறேன்னு பேரைப் போட்டு உடைச்சிட்டாரு. அடுத்த வருஷமே மேற்கு ஜெர்மனி 'மனிதகுலத்துக்கு உதவினவங்க' வரிசைல அவங்களுக்கு தபால்தலை விட்டுச்சு. ஒரே நேரத்துல ஒரு பக்கம் பேஷன்ட், ஒரு பக்கம் ஸ்டாம்ப்.

இழைக்_காவல்:
நல்லா போயிட்டு இருக்கு. இஸ்ரேல், பாலஸ்தீன இன்றைய அரசியலை மட்டும் இதுக்குள்ள இழுக்காதீங்க, ரெண்டு பதிவை நீக்கியிருக்கேன்.

ஓட்டைப்பேனா:
அதைத் தொடாம ஒரு கேள்வி. அவங்க சியோனிசத்துக்கு (யூதர்களுக்குப் பாலஸ்தீனத்துல தனி நாடு வேணும்ங்கற இயக்கம்) எதிரியாமே? ஹிட்லர் வந்தப்புறமும் பிள்ளைங்களை ஊரை விட்டு அனுப்பக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு படிச்சேன், இது பெரிய தப்பில்லையா?

ஃப்ராங்க்ஃபர்ட்_பிரியாணி:
தப்புதான். நான் அவங்க ஃபேன், இருந்தாலும் தப்பு தப்புதான். பிள்ளைங்களை அப்பா அம்மாகிட்ட இருந்து பிரிச்சு பாலஸ்தீனத்துக்கு அனுப்பற திட்டத்தை வாழ்க்கை பூரா அனாதைப் பிள்ளைங்களைப் பாத்த அவங்களால ஏத்துக்க முடியல. அந்தத் திட்டத்தை நடத்தின ஹென்ரியட்டா சோல்டோட 1935ல ஆம்ஸ்டர்டாம்ல நேர்லயே வாக்குவாதம். அந்த வருஷம் செப்டம்பர்ல யூதர்களோட குடியுரிமையைப் பறிச்ச நியூரம்பர்க் சட்டம் வந்தப்புறம்தான் மனசு மாறுச்சு. அதே சமயம் 1934லயே இல்லத்துப் பிள்ளைங்க சிலரைத் தானே கூட்டிட்டுப் போய் ஸ்காட்லாந்து கிளாஸ்கோல ஒரு அனாதை இல்லத்துல சேத்துட்டு வந்திருக்காங்க. பிடிவாதக்காரி. கூட வேலை பாத்தவங்களையும் பாடாப் படுத்துவாங்கன்னுதான் எல்லாரும் எழுதறாங்க.

கடைசி நாட்களைச் சொல்றேன். 1936 ஏப்ரல், புத்துநோய், எழுந்து நடக்கவே முடியல. இல்லத்துல இருந்த மனவளர்ச்சி குறைஞ்ச ஒரு பொண்ணு ஹிட்லரைப் பத்தி ஏதோ சொல்லிடுச்சுன்னு புகார் போய், நாஜி ரகசிய போலீஸ் கெஸ்டப்போ பெர்த்தாவை ஆஃபன்பாக்குக்கு விசாரணைக்குக் கூப்பிட்டுச்சு. அந்த உடம்போட எழுந்து போய் பதில் சொல்லிட்டு வந்தாங்க. மே 28ல செத்துட்டாங்க, 77 வயசு. 1938 நவம்பர்ல நாஜிங்க இல்லத்தோட பெரிய வீட்டைக் கொளுத்தினாங்க, சங்கத்தையும் கலைச்சாங்க. 1942 மார்ச்சோட இல்லத்தையே மூடி, மிச்சம் இருந்தவங்களை முகாம்களுக்கு ஏத்திட்டாங்க. பெர்த்தாவோட நெருங்கின தோழி ஹன்னா கார்மின்ஸ்கி வெளிநாடு போயிருக்கலாம், போகல, அந்த வருஷமே அவங்களையும் கொண்டு போயிட்டாங்க.

சந்தேகசாமி:
நேத்து முழுக்க இதைப் பத்திப் படிச்சேன். மகராசி வார்த்தையை வாபஸ் வாங்கிக்கறேன். கூந்தல் இருந்தவங்க நிறையப் பேரு, இந்த மாதிரி யாரும் முடியல. அவங்களோட ஒரு துண்டுக் குறிப்பு கண்ல பட்டுச்சு: மறுமைல நீதின்னு ஒண்ணு இருந்தா அங்க பொம்பளைங்க சட்டம் போடுவாங்க, ஆம்பளைங்க பிள்ளை பெத்துக்குவாங்கன்னு 😂 ஆசாரமா கோஷர் சாப்பிட்ட அம்மா சொன்னது இது. என் வீட்டுக்காரம்மாகிட்ட படிச்சுக் காட்டுனேன், ஃப்ரிட்ஜ்ல எழுதி ஒட்டிட்டாங்க.

பழையபேப்பர்:
அப்ப இதையும் ஒட்டச் சொல்லுங்க. சாகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி தனக்குத்தானே இரங்கல் செய்தி எழுதி வெச்சாங்க, ஒண்ணு இல்ல, அஞ்சு. ஆசாரவாதிப் பத்திரிகை என்னைப் பத்தி எப்படி எழுதும், லிபரல் பத்திரிகை எப்படி எழுதும், சியோனிசப் பத்திரிகை எப்படி எழுதும்னு ஒவ்வொருத்தன் நடையையும் நக்கலடிச்சு. எல்லாம் ஒரே மாதிரி முடியும்: திறமைசாலிதான், ஆனா நம்ம பக்கம் வரலையே, "அடடா, வீணாப் போச்சே".

மலைக்கோட்டை_மாலா:
செமினார் முடிஞ்சுது. தலைப்புல பெரிய எழுத்துல பெர்த்தா பாப்பென்ஹைம், கீழ குட்டியா அன்னா ஓ. பதினேழு ஸ்லைடு. அதுல பதினொண்ணு வியன்னாவுக்கு அப்புறம் நடந்தது. முடிச்சதும் சார் கேட்ட ஒரே கேள்வி: "அந்தத் தண்ணி குடிக்காம இருந்த மேட்டரைச் சொல்லவே இல்லையே?" ஆறு வாரம் டம்ளர்ல வாய் வைக்க முடியாம பழம் மட்டும் சாப்பிட்டது, கூட இருந்த இங்கிலீஷ்காரம்மாவோட நாய் டம்ளர்ல குடிச்சதைப் பாத்தது ஞாபகம் வந்து சொன்னதும் சரியானது, எல்லாம் சொன்னேன். மார்க் போட்டுட்டாரு. பின்னாடி பெஞ்சுல ஒரு பொண்ணு மட்டும் அந்த 'பெண்ணுரிமை' நாடகம் தமிழ்ல கிடைக்குமான்னு கேட்டா. இல்லைன்னேன்.

அண்ணா, கல்லறைக்குப் போனீங்களா நீங்க?

ஃப்ராங்க்ஃபர்ட்_பிரியாணி:
போனேன். முதல் தடவை புத்திசாலி மாதிரி சனிக்கிழமை போய் நின்னேன், யூதக் கல்லறைத்தோட்டம், சபாத்ங்கற ஓய்வு நாள், கேட்டு பூட்டியிருந்துச்சு. ரெண்டாவது தடவை லீவு போட்டுட்டு மகளையும் கூட்டிட்டுப் போனேன். ராட்-பைல் தெருவுல அம்மா பக்கத்துலயே அடக்கம் பண்ணியிருக்காங்க. நான் பூங்கொத்து வாங்கிட்டுப் போனா, யூதக் கல்லறைல பூ வைக்கிற வழக்கமில்ல, கல்லுதான் வைப்பாங்கன்னு அப்பதான் மண்டைல உறைச்சுது. உயில்லயே எழுதியிருக்காங்க, என்னைப் பாக்க வந்தா சின்னதா ஒரு கல்லு வெச்சிட்டுப் போங்க, பொண்ணுங்களுக்கான வேலையை விடாம செய்வேன்னு வாய் திறக்காம குடுக்கற வாக்கா அது இருக்கட்டும்னு.

மகளுக்கு ஆறு வயசு. பாதை ஓரத்துல தேடித்தேடி உள்ளங்கை சைஸுக்கு ஒரு கல்லைத் தூக்கிட்டு வந்தா. சின்னதுதான் வைக்கணும்டா கண்ணுன்னேன், கேக்கல, வெச்சுட்டா. பூங்கொத்தைத் திரும்ப ட்ரெய்ன்ல வீட்டுக்கே எடுத்துட்டு வந்தோம்.